ஆதம்பாக்கத்தில் குடியிருக்க இயலுமா?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய விழா மேடையில் வீட்டு வாடகையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் சிலருக்கு எழக்கூடும். சென்னை நகரத்தைக் களமாகக் கொண்டு எழுந்த கதைகளையும் திரைப்படங்களையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தால் அவ்வையம் நீங்கிவிடும். ஒரே வீட்டில் பல குடும்பங்கள் வாழ்ந்த ஒண்டுக்குடித்தன வாழ்க்கையே கே. பாலசந்தரின் 'எதிர்நீச்சல்' என்னும் படத்திற்கு (1968) அடித்தளம். மாடிப்படியின் கீழ் ஒதுங்கிப் படித்த மாதுவைத் தமிழ்நாடு இன்னும் மறக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் அசோகமித்திரன் எழுதிய 'தண்ணீர்' நாவலில் ஒரு தெருவின் குடிநீர்த் தட்டுப்பாடே கதையை நடத்திச் செல்கிறது. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) வாடகை வீட்டைக் காலி செய்யும்படி சொல்லப்பட்ட ஒரு பெண், தனக்கென்று ஒரு சிறு வீடு கட்ட முயலும் கதை. அலுவலகக் கடன், ஒப்பந்தக்காரரின் சிமெண்டுத் திருட்டு, முதியவரின் மரணம் ஆகிய அனைத்தையும் கடந்து வீடு எழும்பும் வேளையில், அந்த நிலத்தைக் குடிநீர் வாரியம் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது என்ற செய்தி வந்து சேர்கிறது. ஆக, குடியிருப்புச் சிக்கல் இலக்கியத்திற்குப் புறம்பான பொருளன்று.

இந்த உரை எடுத்துக்கொண்ட வினா எளியது. ஆதம்பாக்கம் போன்று விலையேறிவிட்ட ஒரு புறநகரில், நடுத்தர வருவாயுள்ள ஒரு குடும்பம் வாழ இயலுமா? வாடகையைச் சம்பளத்தால் வகுத்துப் பார்த்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடுவது வழக்கம். அக்கணக்கு பாதிக் கணக்கே. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்பதைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

ஊர் விலையேறிய வரலாறு

சேப்பாக்கம், நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம் எனப் 'பாக்கம்' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் தொண்டைமண்டலத்தில் மிகுதி. பரங்கிமலைக்கும் வேளச்சேரிக்கும் இடையில், நங்கநல்லூரை ஒட்டி அமைந்த ஆதம்பாக்கமும் அவ்வரிசையில் ஒன்று. 2011 வரை அது ஆலந்தூர் நகராட்சியைச் சேர்ந்திருந்தது; அவ்வாண்டு சென்னை மாநகராட்சியின் எல்லை விரிவாக்கப்பட்டபோது மாநகராட்சிக்குள் வந்தது.

இவ்வூரில் முதலில் யார் குடியேறினர் என்பதை அதன் தெருப்பெயர்களும் நகர்ப்பெயர்களுமே ஓரளவு சொல்லும். என்.ஜி.ஓ. காலனி என்று ஒரு பகுதி இங்கு உண்டு. இன்றைய இளைஞர்கள் அவ்வெழுத்துகளைத் தொண்டு நிறுவனம் என்று பொருள் கொள்வர். அது அரசிதழில் பெயர் வெளியிடப்படாத நிலையிலுள்ள அரசு அலுவலர்களைக் குறித்த பழைய வழக்கு. எழுத்தர், தட்டச்சர், கணக்கர் ஆகியோர் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மனை வாங்க இயலாத நிலையில் வந்து சேர்ந்த இடங்கள் இத்தகைய புறநகர்கள். சிறிய வருவாயினருக்கு ஏற்ற ஊர் என்பதே அவற்றின் முதல் தகுதி.

அவர்களை இங்கு வரவழைத்தவை இரண்டு. ஒன்று, 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார ரயில். மாதச் சீட்டு ஒன்று எடுத்துவிட்டால் பரங்கிமலை நிலையத்திலிருந்து கோட்டைக்கும் கடற்கரைக்கும் சிறு செலவில் சென்று வரலாம். மற்றொன்று, 1958இல் அமைந்த கிண்டித் தொழிற்பேட்டை. அதன் பட்டறைகளிலும் ஆலைகளிலும் வேலை செய்தோர்க்கு மிதிவண்டித் தொலைவில் கிடைத்த குடியிருப்பு ஆதம்பாக்கம்.

பின்னர் வந்த மாற்றங்கள் விரைவானவை. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலை தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் சாலையாயிற்று. 2007இல் பறக்கும் ரயில் வேளச்சேரியை எட்டியது. 2015இல் ஆலந்தூருக்கும் அடுத்த ஆண்டில் விமான நிலையத்திற்கும் பரங்கிமலைக்கும் மெட்ரோ ரயில் வந்தது. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் செல்லும் தடத்தில் ஆதம்பாக்கத்திற்கும் ஒரு நிலையம் வகுக்கப்பட்டுள்ளது. சிறிய வருவாயினரின் ஊர், பெரிய சம்பளம் பெறுவோரும் விரும்பித் தேடும் ஊராகியது. வீட்டுக்காரர் ஒருவர் தம் தனி வீட்டை இடித்து நான்கு அடுக்ககமாக்கினால், அவ்வீட்டின் பின்கட்டில் இருபது ஆண்டு குடியிருந்தவர் புதிய வாடகையில் அங்கே திரும்பி வருவது அரிது.

ஒரு நுட்பம் இங்கே கவனத்திற்குரியது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை பறக்கும் ரயிலை நீட்டும் பணி 2008இல் தொடங்கியது. தொலைவு ஐந்து கிலோமீட்டரே. ஆதம்பாக்கத்தில் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நிலத்தைக் கையகப்படுத்துவதில் எழுந்த வழக்குகளால் அப்பணி பத்தாண்டுகளுக்கும் மேல் முடங்கிக் கிடந்தது. ரயில் வருவதற்கு முன்னமே, ரயில் வரப்போகிறது என்ற சொல் மனை விளம்பரங்களில் ஏறிவிட்டது. மனைவிலை செய்தியோடு ஏறுகிறது. வசதியோ பல ஆண்டு கழித்து வருகிறது. இடைப்பட்ட காலத்தில், வராத ரயிலுக்கும் சேர்த்து வாடகை செலுத்துபவர் குடியிருப்பவரே.

ஐயாயிரம் ரூபாய் வைப்புத்தொகை

ஊர் உயர்வதற்கு யார் விலை கொடுத்தனர் என்ற வினாவுக்கு ஆலந்தூர் நகராட்சியின் பாதாளச் சாக்கடைத் திட்டம் சிறந்த சான்று. 1990களின் நடுப்பகுதி வரை ஆலந்தூர், ஆதம்பாக்கம், நங்கநல்லூர் ஆகிய பகுதிகளில் வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டிதான். அது நிரம்பினால் லாரியை அழைக்க வேண்டும், மழைக்காலத்தில் கழிவுநீர் தெருவில் வழியும், கொசு பெருகும்.

ஆர். எஸ். பாரதி நகர்மன்றத் தலைவராக இருந்த காலத்தில் இதற்கொரு தீர்வு தேடப்பட்டது. திட்டச் செலவு முழுவதையும் அரசிடம் எதிர்பாராமல், ஒவ்வொரு வீட்டுக்காரரும் இணைப்புக்கு முன்கூட்டியே 5,000 ரூபாய் வைப்புத்தொகை செலுத்த வேண்டும் என்று முடிவாயிற்று. குடியிருப்போர் நலச் சங்கங்கள் தெருத்தெருவாகக் கூட்டம் நடத்தின. குழாய் ஒன்றும் பதிக்கப்படாத நிலையில் பணம் கேட்டபோது தயங்கியவர் உண்டு. ஆயினும் பல்லாயிரம் குடும்பங்கள் செலுத்தின. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடன் கிடைத்தது. தனியார் நிறுவனப் பங்கேற்புடன் 2000ஆம் ஆண்டில் பணி தொடங்கியது. பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. மக்கள் பணத்தையும் தனியார் பங்கேற்பையும் இணைத்து ஒரு நகராட்சி நிறைவேற்றிய முன்னோடிப் பாதாளச் சாக்கடைத் திட்டமாக இதனை நகர்ப்புறவியல் அறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவர்.

அந்நாளில் 5,000 ரூபாய் என்பது பல குடும்பங்களுக்கு ஒரு மாதச் சம்பளம். அதைச் செலுத்திய வீட்டுக்காரர் பின்னாளில் மனைவிலை உயர்வால் பன்மடங்கு பயனடைந்தார். அது முறையே. ஆயின் அதே தெருவில், அதே கொசுவையும் அதே சேற்றையும் பொறுத்துக்கொண்டு, சாலை தோண்டப்பட்ட மாதங்களில் பள்ளம் தாண்டி நடந்த வாடகைக் குடும்பத்திற்கு அவ்வுயர்வு வாடகை உயர்வாகவே வந்து சேர்ந்தது. ஊரின் துன்பத்தில் இருவரும் பங்கு கொண்டனர். ஊரின் ஆதாயத்தில் ஒருவருக்கே பங்கு கிட்டியது. விலையேறிய புறநகர் ஒவ்வொன்றிலும் இந்த ஏற்றத்தாழ்வு அடியில் கிடக்கிறது.

அளவுகோல் எது?

வருவாயில் எத்தனை பங்கை வீட்டிற்குக் கொடுக்கலாம் என்ற ஆராய்ச்சி பழமையானது. வருவாய் குறையக் குறைய உணவுக்குச் செலவாகும் பங்கு கூடும் என்பதை 1857இல் ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் எடுத்துரைத்தார். பெர்லின் நகரப் புள்ளியியல் அலுவலகத்தின் தலைவராயிருந்த ஹெர்மான் ஷ்வாபே 1868இல் வாடகைக்கும் அது பொருந்தும் என்று காட்டினார். ஏழைக்கே வீட்டுச் சுமை மிகுதி என்பது அதன் பொருள். அமெரிக்காவில் 1969இல் இயற்றப்பட்ட புரூக் திருத்தம், அரசுக் குடியிருப்பில் வாழ்வோரின் வாடகை அவர்தம் வருவாயில் நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டலாகாது என்று வரையறுத்தது. 1981இல் அது 30 ஆக உயர்த்தப்பட்டது. இன்று உலகெங்கும் சொல்லப்படும் 'மூன்றில் ஒரு பங்கு' என்னும் வாய்பாடு இத்தகைய வரையறைகளின் வழியே வந்தது.

வள்ளுவர் இவ்வளவு எண்களைச் சொல்லவில்லை. எனினும் வலியறிதல் அதிகாரத்தில், வருகின்ற வழி சிறிதாயினும் போகின்ற வழி அகலாதவரை கேடில்லை என்னும் கருத்தை வைத்தார். வேந்தனுக்குச் சொன்ன அவ்வறிவுரை குடும்பத்தலைவிக்கும் பொருந்தும். இன்றைய இடர் யாதெனில், போகின்ற வழிகள் பல கண்ணுக்குப் புலப்படாமல் ஓடுகின்றன. அவற்றைக் காண ஒரு குடும்பத்தின் கணக்கை விரித்துப் பார்த்தல் வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எடுத்துக்காட்டுக்காகக் கற்பித்துக்கொள்ளும் குடும்பம் இது. கணவர் கிண்டியில் ஒரு தொழிற்கூடத்தில் மேற்பார்வையாளர்; மாதச் சம்பளம் 42,000 ரூபாய். மனைவி தியாகராய நகரில் ஒரு கடையில் கணக்கெழுதுபவர். சம்பளம் 28,000 ரூபாய். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர்; கணவரின் தாயார் உடன் இருக்கிறார். மொத்த வருவாய் 70,000 ரூபாய்.

ஆதம்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடொன்றுக்கு 20,000 ரூபாய் வாடகை என்று கொள்வோமாயின், அதனோடு பராமரிப்புக் கட்டணம், மின்சாரம், குடிநீர் கேன், கோடையில் தண்ணீர் லாரிக்கான பங்கு ஆகியவை சேர்ந்து 5,000 ஆகும். வீட்டுச் செலவு 25,000. இருவரும் வேலைக்குச் சென்று வர 3,000. மளிகை, பால், காய்கறி, எரிவாயு 18,000. பள்ளிக் கட்டணத்தை மாதத்திற்குப் பகுத்தால் 10,000. தாயாரின் மருந்து 3,000. தொலைபேசி 1,500. காப்பீடும் பழைய கடன் தவணையும் 4,000. கூட்டினால் 64,500. எஞ்சுவது 5,500 ரூபாய்.

இக்கணக்கைப் பார்த்து, வாழ இயலும் என்று சொல்லிவிடலாம். வரவுக்குள் செலவு அடங்குகிறது. ஆயின் வாடகை ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் ஏறினால், ஐந்தாவது உயர்வில் அது 25,526 ரூபாயாகும். ஏறிய தொகை 5,526. எஞ்சிய 5,500 முழுவதும் கரைந்துவிடும். சம்பளம் ஏறும் என்பது உண்மை. பள்ளிக் கட்டணமும் மளிகையும் உடன் ஏறும் என்பதும் உண்மையே.

இன்னொரு சோதனையும் உண்டு. மனைவிக்கு அறுவைச் சிகிச்சை என்றோ, கடை மூடப்பட்டது என்றோ மூன்று மாதம் அவருடைய சம்பளம் நின்றுவிட்டால் என்னாகும்? மாதம் 22,500 ரூபாய் துண்டு விழும். மூன்று மாதத்தில் 67,500. மாதம் 5,500 வீதம் சேமித்து அத்தொகையை முன்கூட்டியே சேர்க்க ஓராண்டுக்கு மேல் ஆகும். அந்த ஓராண்டில் திருமணம், திருவிழா, காய்ச்சல் ஒன்றும் வரலாகாது. குடும்பத்தின் கையிருப்பு எங்கே என்று தேடினால், பத்து மாத வாடகையான இரண்டு லட்சம் ரூபாய் முன்பணமாக வீட்டுக்காரரிடம் வட்டியின்றிக் கிடக்கிறது. தேவைப்படும் நாளில் அதை எடுக்க வேண்டுமாயின் வீட்டைக் காலி செய்தாக வேண்டும்.

ஒரு குடும்பம் ஓரிடத்தில் வாழ வல்லதா என்பதை நல்ல மாதத்தின் கணக்கைக் கொண்டு அளத்தல் போதாது. கெட்ட மூன்று மாதங்களை அவ்வீட்டிலேயே கடக்க இயலுமா என்பதே உண்மையான அளவுகோல்.

தொலைவில் போனால்?

'கட்டுப்படியாகாவிட்டால் கூடுவாஞ்சேரிக்கோ ஊரப்பாக்கத்திற்கோ போய்விட வேண்டியதுதானே' என்பார் உண்டு. அதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். அங்கே வாடகை 11,000, பிற வீட்டுச் செலவு 4,000 என்று வைத்துக்கொண்டால் மாதம் 10,000 ரூபாய் மிச்சம். பயணச் செலவு 3,000 கூடும். நிகர மிச்சம் 7,000.

இனிக் காலத்தைக் கணக்கிடல் வேண்டும். இருவருக்கும் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் கூடுதல் பயணம் என்றால், இருபத்தைந்து வேலை நாட்களில் 75 மணி நேரம். 7,000 ரூபாயை 75 ஆல் வகுத்தால் மணிக்கு 93 ரூபாய். அவ்விருவரும் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் வேலை செய்து பெறும் கூலியோ மணிக்கு 155 ரூபாய்க்கு மேல். தம் உழைப்புக்குச் சந்தை தரும் விலையினும் குறைந்த விலைக்குத் தம் ஓய்வை விற்பதே அக்குடும்பத்தின் மிச்சம்.

அதனினும் பெரிய இழப்பு வேறொன்று. காலை ஆறரைக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு இரவு எட்டரைக்குத் திரும்பும் தாயால், பிள்ளைகளையும் மூத்தவரையும் எத்தனை நாள் கவனிக்க இயலும்? பல வீடுகளில் இதற்கு ஒரே விடைதான் கிடைக்கிறது: மனைவி வேலையை விட்டுவிடுகிறார். அந்நாளிலேயே வருவாய் 70,000 என்பது 42,000 ஆகிறது. மேற்கண்ட கணக்கில் தொலைவுக்குப் போனதால் குறைந்த செலவையும், மனைவியின் பயணச் செலவு நின்றதையும் கழித்த பின்னும் மாதம் 12,500 ரூபாய் துண்டு விழும். வாடகையில் மிச்சம் பிடிக்கப் போன குடும்பம் ஒரு சம்பளத்தை இழந்து நிற்கும்.

எனவே வாடகையைத் தனியாகவும் பயணத்தைத் தனியாகவும் எண்ணுவது தவறு. இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். பயணத்தில் பணத்தோடு காலத்தையும், குறிப்பாகப் பெண்ணின் காலத்தையும் சேர்த்தல் வேண்டும். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது இவ்வகையில் பெரிய உதவி. ஆயினும் கட்டணமில்லாப் பேருந்தும் நெரிசலில் நிற்கும் நேரத்தைத் திருப்பித் தருவதில்லை.

தண்ணீரின் கணக்கு

புறநகர் வாழ்வில் ஆண்டுதோறும் மாறும் செலவு தண்ணீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரும் நிலை அவ்வாண்டு ஜூலையில் நேர்ந்தது. அடுக்ககங்களில் லாரித் தண்ணீருக்கான பங்கு பராமரிப்புக் கட்டணத்தின் மேல் ஏறியது. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட பின்னர் ஒழுங்காகத் தொட்டியும் குழியும் பேணிய வீடுகளுக்கு இச்சுமை குறைவு. வீடு பார்க்கச் செல்வோர் கூடத்தின் அகலத்தைக் கேட்பதற்கு முன் கிணற்றின் ஆழத்தையும் கோடையில் மோட்டார் எத்தனை நிமிடம் ஓடும் என்பதையும் கேட்பது அறிவுடைமை.

கோடையில் இல்லாத நீர் கார்த்திகையில் வாசலுக்கு வருவதும் உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரியும் அதைச் சூழ்ந்த தாழ்நிலங்களும் நீரில் நின்றன. ஏரிகளும் பள்ளிக்கரணைச் சதுப்பும் சுருங்கியதன் விளைவு அது. வாடகை குறைந்த வீடு பெரும்பாலும் தரைத்தளத்து வீடு. வெள்ளத்தில் முதலில் நனைவதும் அதுவே. குளிர்பதனப் பெட்டியும் மெத்தையும் பிள்ளைகளின் புத்தகமும் ஓரிரவில் போனால், மூன்றாண்டு மிச்சம் பிடித்த வாடகை அன்றே போயிற்று.

வாங்கிவிட்டால்?

வாடகை கொடுப்பதைவிடத் தவணை கட்டுவது மேல் என்பது பரவலான கருத்து. 80 லட்சம் ரூபாய்க்கு ஓர் அடுக்ககம் என்று கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த உச்சவரம்பு வீட்டு மதிப்பில் நூற்றுக்கு 80. ஆகவே கடன் 64 லட்சம். கைப்பணம் 16 லட்சம். 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 எனக் கிரயத்துக்கு நூற்றுக்கு 9 வீதம். முழு மதிப்புக்கும் அதைச் செலுத்தினால் 7 லட்சத்து 20 ஆயிரம். ஆகக் கையிலிருந்து 23 லட்சத்துக்கு மேல் வேண்டும்.

ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டரை வட்டியில் இருபது ஆண்டுக்கு, லட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 868 ரூபாய். 64 லட்சத்துக்கு 55,552 ரூபாய். 70,000 வருவாயுள்ள குடும்பத்திற்கு இது இயலாது. வருவாயில் பாதியான 35,000 ரூபாயைத் தவணையாகக் கட்டத் துணிந்தாலும் 40 லட்சம் அளவுக்கே கடன் பெற இயலும். 'சொந்த வீடு வாங்கிவிடுங்கள்' என்ற அறிவுரை இக்குடும்பத்தைப் பொறுத்தவரை வெறும் வாய்ச்சொல். அது இன்னும் பல்லாண்டு வாடகைக் குடும்பமாகவே வாழும். ஆதலின் வாடகைக் குடியிருப்பை இடைக்கால ஏற்பாடாகக் கருதாமல், ஒரு முழு வாழ்க்கைமுறையாகக் கருதிச் சட்டமும் சமூகமும் அதற்குப் பாதுகாப்பளித்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்கு மாற்றாகத் தமிழ்நாடு 2017இல் புதிய சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைப்படுத்தியது. வாடகை ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் அதனைப் பதிவு செய்தல் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது என்று அது கூறுகிறது. ஆயினும் அந்த 'வேறு உடன்பாடு' என்னும் வாயில் வழியே பத்து மாத முன்பணம் என்ற சென்னை வழக்கம் உள்ளே வந்துவிடுகிறது. மேற்கண்ட குடும்பத்துக்கு முன்பணம் மூன்று மாதமாகக் குறைந்தால் 1,40,000 ரூபாய் கையில் நிற்கும். மூன்று மாதச் சம்பள இழப்பைத் தாங்கத் தேவைப்பட்ட தொகை 67,500 மட்டுமே. வாடகையில் ஒரு ரூபாயும் குறைக்காமலே, முன்பணத்தைக் குறைப்பதால் மட்டும் அக்குடும்பம் கெட்ட மூன்று மாதங்களைக் கடக்க வல்லதாகிவிடும். வீட்டுக்காரருக்கும் இதில் பேரிழப்பு இல்லை. இச்சிறு சீர்திருத்தத்தை ஊர்ச்சங்கங்களே எடுத்துப் பேசலாம்; பாதாளச் சாக்கடைக்காகத் தெருத்தெருவாகக் கூட்டம் நடத்திய மரபு ஆலந்தூர் வட்டாரத்துக்கு உண்டு.

தமிழர் பெருமளவில் வாழும் சிங்கப்பூரில் 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. 1968 முதல் தொழிலாளரின் சேமநிதியைக் கொண்டே வீடு வாங்க வழி செய்யப்பட்டது. இன்று அந்நாட்டுக் குடியிருப்பாளரில் பெரும்பாலோர் கழக வீடுகளில் வாழ்கின்றனர். அத்தீவின் நிலமும் ஆட்சிமுறையும் வேறு. அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. ஆயின் ரயில் நிலையமும் குடியிருப்பும் ஒரே திட்டத்தில் எழும்ப வேண்டும், நிலையத்தை ஒட்டிய வீடுகளில் ஒரு பகுதி எளிய வருவாயினருக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்ற பாடம் ஆதம்பாக்கத்திற்கும் பொருந்தும். பொதுப்பணத்தில் வரும் மெட்ரோவால் நிலமதிப்பு உயருமாயின், அவ்வுயர்வில் ஒரு பங்கு அங்கு வாடகைக்கு வாழும் குடும்பங்களின் வீடாகத் திரும்புவதே நேர்மை.

குடும்பங்கள் தாமே செய்துகொள்ளத்தக்கவையும் சில உண்டு. வீட்டுச் செலவும் பயணச் செலவும் சேர்ந்து வருவாயில் ஐந்தில் இரண்டு பங்கைத் தாண்டினால் நின்று யோசிக்க வேண்டும். மேற்கண்ட குடும்பம் அந்த எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. முன்பணத்தைச் சேமிப்பாக எண்ணாமல் தனியே ஒரு மூன்று மாத நிதியைச் சேர்க்க வேண்டும். வாடகை உயர்வு வீதத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். மதிப்புக்காக ஓர் அறை கூடுதலாக எடுப்பதும், பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கிறான் என்பதற்காகவே அதிகக் கட்டணப் பள்ளியில் சேர்ப்பதும் புறநகர் வாழ்வின் செலவைப் பெருக்குகின்றன. ஊரின் விலையோடு ஊரின் ஒப்பீடும் சேர்ந்தே குடும்பத்தை அழுத்துகிறது.

முடிவாக

ஆதம்பாக்கத்தில் ஒரு நடுத்தரக் குடும்பம் வாழ இயலுமா என்ற வினாவுக்கு விடை இது: இருவர் உழைத்தால், ஒருவரும் நோயுறாவிட்டால், வீட்டுக்காரர் நல்லவராயின், மழையும் கோடையும் அளவோடு வந்தால் வாழ இயலும். இத்தனை 'ஆல்'களின் மேல் நிற்கும் வாழ்க்கையை வசதியான வாழ்க்கை என்று சொல்வது பொருந்தாது. அந்த 'ஆல்'களை ஒவ்வொன்றாகக் குறைப்பதே சட்டத்தின் பணி, நகராட்சியின் பணி, ஊராரின் பணி.

இலக்கிய வட்டத்திற்கும் இதில் பங்குண்டு. பத்தாண்டுகளாக மாதந்தோறும் மாலை நேரத்தில் கூடிப் படித்தும் பேசியும் வந்துள்ள இத்தகைய வட்டங்கள், வேலை முடிந்து வீடு திரும்பியவருக்கு இரண்டு மணி நேரம் எஞ்சியதால்தான் வாழ்கின்றன. அவ்விரண்டு மணி நேரத்தைத் தொலைதூரப் பயணம் எடுத்துக்கொண்டுவிட்டால் கூட்டத்திற்கு யார் வருவார்? எழுத்தரும் கணக்கரும் பட்டறைத் தொழிலாளியும் ஆசிரியரும் நடந்து வரும் தொலைவில் குடியிருந்ததால்தான் புறநகர்த் தமிழ்ச் சங்கங்கள் தழைத்தன. அவர்கள் தொடர்ந்து இவ்வூரில் குடியிருக்க வழி பிறக்குமாயின், இருபதாம் ஆண்டு விழாவிலும் இவ்வவை நிறைந்திருக்கும்.